எம்ஜிபி ரோட்ஸ்டர் 1972: சில்லில் துரு. பட்டி பார்த்தால் போதுமா, வெட்டணுமா?

கேள்வி:
வணக்கம். 1972 எம்ஜிபி, கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். முன்சக்கரத்துக்குப் பின்னால் ஃபெண்டரின் அடியில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது. கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டிபோன்ற பகுதியான சில்லிலும் காசளவு ஓட்டை. வீட்டு கராஜில் கிரைண்டர், 150 ஆம்ப் மிக் வெல்டர் இருக்கிறது. துருவைத் தேய்த்துவிட்டு ஃபைபர் ஒட்டிப் பட்டி பார்த்தால் தாங்குமா?

பதில் 1:
சில்லில் பட்டியே வேண்டாம். இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, மேலே கூரையும் இல்லை. முன்பாதியும் பின்பாதியும் மடங்காமல் நிற்பதே பெரும்பாலும் இந்த இரண்டு சில்களால்தான். சில் ஒற்றைத் தகரமும் இல்லை: வெளித்தகரம், நடுத்தகரம், உள்தகரம், அடியில் நீளவாட்டில் ஓடும் காஸில் ரெயில் என்ற மடித்த தகரம். துரு உள்ளிருந்து வெளியே வருவது. வெளியே காசளவு தெரிந்தால் நடுத்தகரத்தின் அடி ஏற்கெனவே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

கார்பெட்டை எடுத்துவிட்டு உள்தகரத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்க. கணீரென்றால் நல்லது, மொத்தையாகக் கேட்டால் அங்கே குத்திப் பாருங்க. கதவின் பின் விளிம்பில் மேலும் கீழும் இடைவெளியை அளந்து சொல்லுங்க. மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. சில்லில் ஜாக்கி வைக்கவே வேண்டாம்.

கேட்டவர்:
இடைவெளி மேலும் கீழும் 4.5 மிமீ. உள்தகரம் முன்பக்கம் 20 செமீ வரை மொத்தை. காஸில் ரெயிலும் அங்கே உதிர்கிறது. எதில் தொடங்குவது?

பதில் 2:
வண்டி தொய்யவில்லை, நல்லது. அதே அளவில் பூட்டிவிட்டுத்தான் வெட்டணும். ஸ்டாண்டுகளை முன் கிராஸ்மெம்பருக்கும் (முன்சக்கரங்களைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) பின் ஆக்ஸிலுக்கும் கீழே வைத்து மட்டம் பாருங்க. கதவு மாட்டியபடியே, அது மூடுகிற மாதிரி உள்பக்கமாக, முன் தூணிலிருந்து பின் தூணுக்கு 25 மிமீ சதுரக் குழாயைப் பற்றவையுங்க. இதைச் செய்யாமல் சில்லை வெட்டினால் கதவு பிறகு மூடாது. ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகுதான் அடுத்த பக்கம்.

இருக்கைக்குப் பின்னாலுள்ள இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளையும் கழற்றுங்க. ஆல்டர்னேட்டர் வயரையும் பிரிங்க. பெட்ரோல் பைப் போகும் வழியைப் பார்த்து ஒதுக்குங்க. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும், வேலை முடிந்து ஒரு மணி நேரம் கராஜைப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது.

வரிசை இதுதான்: உள்தகரம், காஸில் ரெயில், தளத்தின் ஓரம், பிறகு நடுத்தகரம், கடைசியில் வெளித்தகரம். வெளித்தகரத்தைக் கிளாம்பில் பிடித்து, கதவை மூடி இடைவெளி சரியா என்று பார்த்த பிறகே பற்றவைக்கணும்.

ஒட்டுக்கு 1.2 மிமீ தகரம், 0.6 மிமீ வெல்டிங் கம்பி, ஆர்கான் கலந்த கேஸ். பளபளக்கும் இரும்பு வரும்வரை வெட்டுங்க. மெலிந்த தகரத்தில் பற்றவைத்தால் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். ஒன்றன் மேல் ஒன்று படியும் இடங்களில் 30 மிமீக்கு ஒன்றாக மேல் தகரத்தில் 6 மிமீ துளை போட்டு வெல்டிங்கால் நிரப்புங்க. இரண்டு தகரங்களுக்கு நடுவே துத்தநாகப் பிரைமர் பூசலாம், துளைக்குள் மட்டும் சுரண்டிவிடணும். நேர் விளிம்பில் ஒரே இழுப்பாக இழுத்தால் தகரம் நெளியும். பொட்டுப் பொட்டாக, இடம் மாற்றி மாற்றி வையுங்க. துத்தநாகப் புகை உடம்புக்கு ஆகாது. முகமூடி போடுங்க, கதவைத் திறந்து வையுங்க.

பதில் 3:
ஒன்று விட்டுப்போச்சு. முன் ஃபெண்டர் போல்ட்டில் கழன்றுவிடும். பின் ஃபெண்டர் வெல்டிங். வெளிச் சில் அதற்குள்ளும் போகிறது. பின் ஃபெண்டரின் அடிமுனையை வெட்டித் திறந்து, சில்லை முழு நீளத்துக்குப் போட்டுவிட்டு, அந்த முனைக்குப் புதுத்துண்டு வைக்கணும். கண்ணுக்குத் தெரியும் நீளத்தோடு நிறுத்தினால் பலம் வேண்டிய இடத்திலேயே இணைப்பு விழும். பழைய சில்லின் மேல் மூடும் தகரமும் கடையில் கிடைக்கும், வாங்காதீங்க. உள்ளே துரு அப்படியே இருக்கும்.

பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகுதான் சில்லுக்குள் மெழுகு அடிக்கணும். முன்பே அடித்தால் வெல்டிங்கில் தீப்பிடிக்கும். அடியிலுள்ள வடிகால் துளைகளை சீலரால் அடைத்துவிடாதீங்க. முன்சக்கரத்துக்குப் பின்னாலுள்ள சேற்றுத் தடுப்பின் ரப்பரையும் மாற்றுங்க. உங்க ஃபெண்டர் அந்த இடத்தில் போனதற்கு அதுதான் காரணமாக இருக்கும்: ரப்பர் காய்ந்து விலகினால் குளிர்கால உப்போடு சேறு உள்ளே போய், சில்லின் முன்முனையில் ஈரமாகவே உட்கார்ந்திருக்கும்.