29 ஆட்டம் ஜெயிச்ச டீம், ஒண்ணு தோத்ததும் வெளியேவா?

ஜான்ஸ்கிரீக்_அப்பா | டிசம்பர் 3, 2023

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு இங்க அமெரிக்காவுல, ஏதென்ஸ்ங்கிற ஊர்ல, ஜார்ஜியா யுனிவர்சிட்டியில ரெண்டாவது வருஷம் படிக்கிறா. நேத்து அட்லாண்டா மெர்சிடிஸ்-பென்ஸ் ஸ்டேடியத்துல எஸ்.இ.சி.ங்கிற காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கோட ஃபைனல் பார்த்துட்டு ராத்திரி வீட்டுக்கு வந்தவ, இன்னும் ஒழுங்கா வாய் திறக்கல. அலபாமா 27, ஜார்ஜியா 24. "சரி விடும்மா, அடுத்த ஆட்டத்துல பாத்துக்கலாம்"னேன். "அடுத்தது இல்லப்பா"ன்னா. இன்னைக்கு மத்தியானம் டிவியில நாட்டு சாம்பியன் பட்டத்துக்கு மோதப் போற நாலு டீம் பேரு வாசிச்சாங்க, அதுல ஜார்ஜியா இல்ல. பிசைஞ்ச ரசம் சாதம் தட்டுலயே காயுது.

எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கிரிக்கெட்தான். தொடர்ச்சியா 29 ஆட்டம் ஜெயிச்சு, நேத்து காலை வரைக்கும் நம்பர் ஒன்னா இருந்த டீம், மூணு பாயிண்ட்ல தோத்ததும் ஆறாவது இடத்துக்குப் போயிடுமா? யாராவது பொறுமையா சொல்லுங்க. அவகிட்ட கேட்க பயமா இருக்கு.

சிவப்பு_கறுப்பு

அந்த அலபாமா ஆள் ஐசையா பாண்ட் பிடிச்ச கேட்ச்! நாலாவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, பந்து தரையில பட்டது எங்க வீட்டு அஞ்சு வயசுப் பையனுக்கே தெரிஞ்சுது. ரீப்ளே பார்க்கிறதுக்குள்ள அலபாமா அடுத்த பந்தை அவசர அவசரமா ஆரம்பிச்சிட்டாங்க, அதோட முடிஞ்சுது. அதுலதான் டச்டவுனும் (எல்லைக்குள்ள பந்தைக் கொண்டு போய் ஆறு பாயிண்ட் எடுக்கிறது) வந்தது. இதுக்கு மேல நான் பேசினா அட்மின் என்னைத் தூக்கிடுவார்.

பழைய_டோம்

சார், நான் 1998லேருந்து அட்லாண்டாவுல இருக்கேன். இந்த ஆட்டத்தால சாப்பிடாம தூங்கினவங்களை நிறைய பார்த்திருக்கேன், நானும் அதுல ஒருத்தன்.

முதல்ல ஆட்டம் எதுக்குன்னு சொல்றேன். எஸ்.இ.சி.ல 14 டீம், ஆளுக்கு எட்டு லீக் ஆட்டம்தான். கிழக்கு, மேற்குன்னு ரெண்டு பிரிவு. ரஞ்சியில ஒரு குரூப் டீம் இன்னொரு குரூப்போட லீக்ல மோதாதுல்ல, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். இந்த வருஷம் ஜார்ஜியாவும் அலபாமாவும் நேத்துதான் முதல் தடவையா மோதினாங்க. அதுல ஜெயிச்சவங்க எஸ்.இ.சி. சாம்பியன். அத்தோட அந்தக் கணக்கு முடிஞ்சுது.

நாட்டு சாம்பியன் யாருங்கிறது தனிக் கணக்கு. அதுக்குப் போற நாலு டீமை 13 பேர் கமிட்டி ஒண்ணு உட்கார்ந்து முடிவு பண்ணும். செமிஃபைனலுக்கு எந்த டீம் போகணும்னு செலக்டர்கள் ரூம் போட்டுப் பேசினா எப்படி இருக்கும்? அதேதான். மிச்சிகன், வாஷிங்டன் ரெண்டும் தோக்கவே இல்ல, அவங்க உள்ளே. டெக்ஸாஸ் செப்டம்பர்ல அலபாமாவை அவங்க ஊர்லயே 34-24ன்னு அடிச்சிருக்கு. அலபாமா உள்ளே வரணும்னா டெக்ஸாஸை வெளியே வைக்க முடியாது. நாலும் ஆச்சு.

இந்த எஸ்.இ.சி. ஃபைனலுக்கு வயசு 31தான். அர்கன்சாவும் சவுத் கரோலினாவும் சேர்ந்து 12 டீம் ஆனதும், 12 டீம் இருந்தா ஃபைனல் வைக்கலாம்னு ஒரு விதி ஓரமா கிடந்ததை அப்ப எஸ்.இ.சி. தலைவரா இருந்த ராய் கிரேமர் தூசி தட்டி எடுத்தார். 1992ல பர்மிங்ஹாம்ல முதல் ஆட்டம். தோக்காத அலபாமாவை எதுக்குங்க இன்னொரு பரீட்சை எழுத வைக்கறீங்கன்னு அப்ப எல்லாரும் திட்டினாங்க. 21-21ல அலபாமாவோட ஆண்டோனியோ லாங்ஹாம் ஃபுளோரிடாவோட பாஸைப் பிடுங்கிட்டு ஓடினாரு, 28-21, அப்புறம் நாட்டு சாம்பியனும் அவங்கதான். அதுக்கப்புறம் திட்டு அடங்கிடுச்சு. டிவி பணம் வேற.

நேத்து ஆட்டத்துல அந்தக் கேட்சை விடுங்க. ஃபீல்டு கோலுக்கு (கம்பத்துக்கு நடுவுல உதைச்சா மூணு பாயிண்ட்) நம்ம டீம் நின்னப்ப ஒருத்தர் முன்கூட்டியே அசைஞ்சு அஞ்சு யார்டு பின்னால போச்சு, 50 யார்டுலேருந்து உதைச்ச பந்து கம்பத்துல பட்டுத் திரும்பிச்சு. அப்புறம் நம்ம குவார்ட்டர்பேக் (பந்தை எறியறவர்) பெக் கையிலேருந்து டிலன் பெல் கைக்கு மாறும்போது சொந்த எல்லைக்குப் பக்கத்துல பந்து நழுவிச்சு, அதுல அலபாமாவுக்கு மூணு பாயிண்ட். தோத்ததும் மூணு பாயிண்ட்லதான். கடைசியில அலபாமா குவார்ட்டர்பேக் மில்ரோ 30 யார்டு ஓடினப்ப நான் டிவியை அணைச்சிட்டேன்.

இப்ப என் சொந்தக் கதை. 2012, பழைய ஜார்ஜியா டோம், இதே ரெண்டு டீம். அலபாமா 32, நாங்க 28. பந்து எட்டு யார்டு கோட்டுல, கடிகாரத்தை நிறுத்த கையில டைம்-அவுட் இல்ல. எங்க மர்ரே எறிஞ்சது அலபாமாவோட மோஸ்லி கையில தட்டி எங்க கான்லிகிட்ட விழுந்துச்சு. அவர் அனிச்சையாப் பிடிச்சு அஞ்சு யார்டுல சறுக்கி விழுந்தாரு. பந்தைத் தரையில விழ விட்டிருந்தா கடிகாரம் நின்னிருக்கும். பிடிச்சதால ஆட்டம் முடிஞ்சுது. ஜெயிச்சிருந்தா ஜார்ஜியாதான் நோத்ர டாமோட ஃபைனல் ஆடியிருக்கும். அன்னைக்கு அலபாமாவோட தடுப்பு கோச் யார் தெரியுமா? கிர்பி ஸ்மார்ட்! ஜார்ஜியாவுல படிச்சு ஆடினவர், இப்ப நம்ம ஹெட் கோச். அவரோட குரு, அலபாமா ஹெட் கோச் சேபனை அவர் ஜெயிச்சது ஆறுல ஒரே தடவைதான்.

டல்லஹாசி_தங்கச்சி

அண்ணா, அழ வேண்டியது நாங்கதான். ஃபுளோரிடா ஸ்டேட் 13-0, ஏ.சி.சி.ங்கிற எங்க லீக்ல சாம்பியன், ஒரு ஆட்டம் கூட தோக்கல. குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் கால் உடைஞ்சுதுன்னு எங்களை அஞ்சாவதா வச்சு வெளியே தள்ளிட்டாங்க. உங்க டீம் தோத்துட்டு வெளியே போச்சு, நாங்க ஜெயிச்சுட்டுப் போனோம். உங்க பொண்ணுகிட்ட இதைச் சொல்லுங்க, கொஞ்சம் சாதம் இறங்கும்.

ஜான்ஸ்கிரீக்_அப்பா

சொன்னேன். "அவங்க பாவம்தான்"னு சொல்லிட்டு அரை அப்பளம் சாப்பிட்டா. பழைய டோம் சார், ரொம்ப நன்றி. அடுத்த வருஷமும் இதே நாலு பேர் கதைதானா?

பழைய_டோம்

இல்ல சார், 2024லேருந்து 12 டீம். எஸ்.இ.சி.ல கிழக்கு மேற்கும் கிடையாது. இந்த ஃபைனல்ல தோத்தாலும் உள்ளே போக வழி இருக்கும். ஆனா தோத்தாலும் பரவாயில்லைன்னு ஆயிட்டா இந்த ஆட்டத்துல பழைய காரம் இருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான். கிழவன் புலம்பல்னு வச்சுக்கோங்க.

ஜான்ஸ்கிரீக்_அப்பா | டிசம்பர் 31, 2023

நேத்து ஆரஞ்ச் பவுல் பார்த்தோம், அந்த நாலுல இல்லாத ரெண்டு டீம் மோதின ஆட்டம். ஜார்ஜியா 63, ஃபுளோரிடா ஸ்டேட் 3. அந்தப் பக்கம் பாதிப் பேர் ஆடவே வரல போலிருக்கு. 42-3ன்னு இடைவேளை வந்ததும் பொண்ணு எழுந்து தோசை ஊத்தப் போயிட்டா. டல்லஹாசி தங்கச்சிக்கு ஆறுதல் சொல்லச் சொன்னா. அப்புறம் இன்னொண்ணும் கேட்கச் சொன்னா: 2012ல பழைய டோம் அங்கிள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாரு?

பழைய_டோம்

அந்த அஞ்சு யார்டு கோட்டுக்கு நேர் மேலம்மா.