பேபால் பேர்ல வந்த மெயில் – யாருக்கெல்லாம் வந்துச்சு?

லோகோக்காரன்:
வெளிநாட்டுலேருந்து ஆன்லைன்ல பணம் வாங்க நான் வச்சிருக்கிறது பேபால் கணக்கு. அதுல கிளையன்ட் 340 டாலர் அனுப்புறேன்னு சொல்லியிருந்தார். அதான் அசந்துட்டேன். "கணக்கு முடக்கம்"னு மெயில், அதே நீலம், அதே ரெட்டை பி. லிங்க்கைத் தட்டிட்டேன். எப்பவும் பிரவுசரே பாஸ்வேர்டை நிரப்பிடும். அன்னிக்குக் கட்டம் காலியா நிக்குது. சரி, ஏதோ மக்கர்னு நானே டைப் பண்ண ஆரம்பிச்சேன். நாலு எழுத்து போனதும் மேலே பார்த்தா, பேபால்ல கடைசி எழுத்து 'எல்' இல்ல, 1. முகவரி வேறங்கிறதாலதான் பிரவுசர் நிரப்பலை. அந்தக் காலிக் கட்டம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

மணிமேகலை_தையல்:
ஸ்பெல்லிங் பார்த்தா தப்பிச்சுடலாம்னு நினைக்காதீங்க. எனக்கு நிஜ பேபால் முகவரியிலேருந்தே வந்துச்சு. யாரோ கணக்கு தொடங்கி எனக்கு 499 டாலருக்கு இன்வாய்ஸ், அதாவது பணம் கேட்டு பில், போட்டிருக்கான். குறிப்புல, "நீங்க வாங்கலைன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க". கூப்பிட்டேன். மேடம் மேடம்னு அவ்வளவு மரியாதை. ஒரு ஆப் போடச் சொன்னான், போட்டேன். நான் தொடாமலே மவுஸ் அம்பு நகர்ந்துச்சு பாருங்க... ஓடிப்போய் மோடம் வயரையே பிடுங்கிட்டேன்.

சர்வர்சாமி:
எனக்கும் ஒண்ணு வந்தது, அழிச்சேன். கதை அவ்வளவுதான். ஆனா மெயில்ல இருக்கிற நம்பருக்கு யாராவது கூப்பிடுவாங்களாம்மா? பேபால் ஆப்பைத் தனியா திறந்து பாருங்க. இன்வாய்ஸ் இருந்தாலும் நீங்க கட்டாதவரை பைசா போகாது. லிங்க்ல முதல் ஒத்தை / குறிக்கு முன்னாடி இருக்கிற பேரை எப்பவும் பின்னாலேருந்து படிக்கணும். பேபால் டாட் காம்னு ஆரம்பிச்சு, அப்புறம் ஒரு டாட் வச்சு வேற பேர் இருந்தா, வீடு அந்தப் பின்னாடி பேர்க்காரனுது. இன்னொண்ணு: 2021 ஏப்ரல்லேருந்து இந்தியாவுக்குள்ள பேபால் பரிமாற்றமே கிடையாது, வெளிநாட்டு வரவுசெலவு மட்டும்தான். சென்னைக் கடைக்கு ரூபாய் போயிடுச்சுன்னு மெயில் வந்தா சிரிச்சுட்டுப் போங்க. பணம் போயிருந்தா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்க. அப்புறம், நிஜ மெயில்ல "அன்புள்ள வாடிக்கையாளரே" இருக்காது, முழுப்பேர் இருக்கும்.

மணிமேகலை_தையல்:
சார், நான் யோசனை கேட்கலை. அந்த நேரத்துல கை நடுங்கினது உங்களுக்கு வந்திருந்தா தெரியும்.

இனிஷியல்_முன்னாடி:
முழுப்பேர் இருந்தா நிஜம்னு சொல்லாதீங்க சாமி. எனக்கு வந்த போலியில முழுப்பேரும் இருந்துச்சு. ஆனா இனிஷியல் முன்னாடி. பேபால்ல எனக்கு இனிஷியல் கடைசியில இருக்கு, அதனாலதான் உறுத்துச்சு. முன்னாடி போட்டு எழுதுறது என் மார்க் ஷீட்லயும் ரேஷன் கார்டுலயும்தான். அது எப்படி அவன் கைக்குப் போச்சு?