பொழில் என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்?

எனக்கு இது எட்டாம் மாதம். ஆணோ பெண்ணோ, ஒரே பெயர்தான் என்று நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம். எழில், முகில், தமிழ் எல்லாம் இரு பாலருக்கும் பொருந்தும், ஆனால் நிறைய பேருக்கு இருக்கிறது. தேடியதில் 'பொழில்' மனதில் ஒட்டிக்கொண்டது. சோலை என்று பொருள்; பழந்தமிழில் உலகம் என்றும் ஒரு பொருள் உண்டு.

சிக்கல் சொல்லும்போதுதான். போனில் அம்மாவிடம் சொன்னேன், "என்னது, தொழிலா?" என்றார். மாமியார் "பொளில், பொளில்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "கூப்பிட வாய்க்கு வரணுமேம்மா" என்றார். நியாயம்தான். ஆங்கிலத்தில் இசட்-எச் போட்டால் தமிழ் தெரியாதவர்கள் 'போசில்' ஆக்கிவிடுவார்கள். எல் போட்டால் ழகரமே போய்விடும். அதற்காகவா விடுவது என்றும் இருக்கிறது.

உங்களில் யாருக்காவது இப்படி அரிதான பெயரா? ஒவ்வொரு இடத்திலும் எழுத்துக்கூட்டிச் சொல்வது அலுத்ததா, பழகிவிட்டதா? அப்புறம், பெயரை மட்டும் கேட்டால் பையன், பெண் இரண்டுமே தோன்றுகிறதா? மனதில் பட்டதைச் சொல்லுங்கள். பொழிலன், பொழிலி என்று மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள், அதை மாமனார் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.