அம்மாவை இந்தக் கண்காட்சிக்கு அழைத்துப் போகலாமா?

தெம்பனிஸ்வாசி:
அக்கா மகள் சிங்கப்பூர் கில்மன் பேரக்ஸ் கலைவளாகத்தில் ஒரு சின்ன கேலரியில் இன்னும் சிலரோடு சேர்ந்து படைப்பு வைக்கிறாள். முடிதிருத்தும் கடைகளில் கேட்டு வாங்கிய முடியைச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறாள், பக்கத்துத் திரையில் ஒரு பெண்ணின் வெற்று முதுகு, அதில் ஒரு கை மையால் வசவுகளாக எழுதிக்கொண்டே போகிறது. எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் எழுபது தாண்டிய அம்மா, பேத்தி கண்காட்சி என்றதும் புடவை எடுத்து வைத்துவிட்டார். அங்கே வந்து சத்தம் போட்டால்? இதற்கெல்லாம் இங்கே அனுமதி உண்டா?

ஈசூன்காரன்:
முடியை ஒட்டினால் கலையா? எங்கள் வீட்டுக் குளியலறையில் தினமும் கண்காட்சிதான். நம் வரிப்பணம் இதற்கா போகிறது?

பழையரசிகை:
தம்பி, தனியார் கேலரி படம் விற்றுத்தான் வாடகை கட்டும். வரிப்பணத்தை நிறுத்திய கதையும் இங்கே உண்டு. 1993-94 புத்தாண்டு வேளையில் பார்க்வே பரேட் கடைத்தொகுதியில் ஜோசப் இங் என்ற கலைஞர், 12 ஆண்களைக் கைது செய்து சிலருக்குப் பிரம்படி கொடுத்ததை எதிர்த்து, டோஃபுவைப் பிரம்பால் அடித்து, பார்வையாளருக்கு முதுகு காட்டி நின்று தன் அந்தரங்க முடியைக் கத்தரித்தார். செய்தித்தாளில் படம் வந்தது, அவருக்கு 1,000 வெள்ளி அபராதம், அப்புறம் சுமார் பத்து ஆண்டுகள் இப்படிக் கலைஞரே நேரில் செய்து காட்டும் நிகழ்த்துகலைக்கு அரசு நிதியே கிடையாது. இப்போது கண்காட்சிகளுக்கும் வயது வகைப்பாடு இருக்கிறது, தேவையானால் வாசலிலேயே 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று எழுதி வைப்பார்கள். உரிமம் பற்றிய கேள்வியை கேலரிக்காரர்களிடம் கேளுங்கள், அது அவர்கள் பொறுப்பு.

கேலரியில்வேலை:
பழையரசிகை அக்கா சொன்னது சரி. அம்மா விஷயத்துக்கு வருகிறேன். தைப்பூசத்தில் அலகு குத்தி டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடப்பவர்களை வருடா வருடம் பார்த்தவர், வெற்று முதுகுக்கா பதறப் போகிறார்? அந்த வசவுகள்தான் சங்கடம், குறிப்பாகத் தமிழில் எழுதியிருந்தால். முதலிலேயே சொல்லிவிடுங்கள், யார் யாரை அப்படித் திட்டினார்கள் என்பதையும் சேர்த்து. சுவர்க்குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், பேத்தியையே தமிழில் பேச வையுங்கள். திறப்பு விழா அன்று வேண்டாம், ஒயின் கிளாஸோடு நிற்கிற கூட்டத்தில் அம்மாவுக்கு உட்காரக்கூட இடம் கிடைக்காது. நுழைவு இலவசம், எதையும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. அமண்டா ஹெங் என்ற சிங்கப்பூர்க் கலைஞர் 1990களில் மேசையில் முளைப்பயறைக் குவித்து, வருகிறவர்களோடு உட்கார்ந்து வேர் கிள்ளியபடி பேசினார், அதுவே படைப்பு. அந்த மேசையில் உங்கள் அம்மாதான் கெட்டிக்காரர்.

ஈசூன்காரன்:
சரி, முளைப்பயறு எனக்கும் புரிகிறது. முடி இன்னும் புரியவில்லை.

தெம்பனிஸ்வாசி:
நன்றி. வசவுகள் தமிழில்தானாம், இப்போதுதான் கேட்டேன். பாதி, எங்கள் தாத்தா பாட்டியைப் பார்த்துத் திட்டியவையாம், அக்கா மகளுக்குச் சொன்னதே என் அம்மாதானாம். புதன் மதியம் போகிறோம். லேப்ரடார் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து மேடு ஏற வேண்டுமா, டாக்சி பிடிக்கட்டுமா?