தேன்: கரண்டிக் கணக்கா, கிராம் கணக்கா?

இயற்கைவிரும்பி: "தேனும் சர்க்கரையும் ஒன்றுதான்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 100 கிராம் சர்க்கரையில் 390 கலோரி வரை இருக்கிறது. தேனில் 300 சொச்சம்தான். இது எப்படி ஒன்றாகும்?

தராசு: எழுதியவன் நான்தான், பெயரையே சொல்லியிருக்கலாம். யாராவது 100 கிராம் தேனைக் குவளையில் கவிழ்ப்பார்களா? கரண்டியால்தானே அளக்கிறோம்! ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 4 கிராம், 16 கலோரி. தேன் அடர்த்தியானது. அதே கரண்டியில் 7 கிராம், 21 கலோரி. கரண்டிக்குக் கரண்டி தேன்தான் அதிகம்.

இயற்கைவிரும்பி: தேன் இனிப்புக் கூடியது ஐயா. அரைக் கரண்டியே போதும். கிராம் கணக்குதான் அறிவியல்.

தராசு: அந்த அறிவியலையே பார்ப்போம். தேனில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். கிராமில் கலோரி குறைவதற்கு அதுதான் காரணம். தண்ணீரை எடை போட்டுவிட்டு இயற்கையின் மகிமை என்கிறீர்கள். சூடான பானத்தில், தேனில் உள்ள முக்கியச் சர்க்கரையான ஃபிரக்டோஸின் இனிப்பு குறையும் என்பதாவது தெரியுமா? அரைக் கரண்டியாம்!

பச்சைஇலை: இரண்டையும் விடுங்கள். சீனித்துளசி என்கிற ஸ்டீவியா இலையின் சாறு சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு, கலோரியும் கிடையாது.

இயற்கைவிரும்பி: ஆலையில் பிரித்தெடுத்த வெள்ளைப் பொடியா இயற்கை? குடித்த பிறகு நாக்கில் ஒரு கசப்பு வேறு.

பச்சைஇலை: பொடி வேண்டாமென்றால் இலையை அப்படியே போடுங்கள்.

தராசு: வெறும் இலையை இனிப்பூட்டியாகச் சேர்க்க அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இடம் தரவில்லை. தூய்மைப்படுத்திய சாற்றுக்குத்தான் தடையில்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னபோது ஸ்டீவியாவையும் சேர்த்துத்தான் சொன்னது.

பச்சைஇலை: ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று அங்கேயே இருக்கிறதே, அதை எங்கே விழுங்கினீர்கள்? உப்பு விவாதத்திலும் இப்படித்தான், பாதியை வெட்டிவிட்டு மீதியை ஒட்டினீர்கள்.

தராசு: உப்பு விவாதத்தில் பதில் சொல்லாமல் ஓடியவர் யார் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

பச்சைஇலை: ஓடவில்லை. உங்களோடு பேசி அலுத்துவிட்டது.

வழிப்போக்கர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டலில் தேன், பாகு, பழச்சாறு எல்லாவற்றிலும் உள்ள இனிப்பு, உணவில் நாம் சேர்க்கும் சர்க்கரையோடு சேர்த்து, கட்டற்ற சர்க்கரை என்றே கணக்கிடப்படுகிறது. உணவிலிருந்து கிடைக்கும் மொத்த ஆற்றலில், அதாவது கலோரியில், அது 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. அப்படியானால் எதை மாற்று என்கிறோம்? பழத்தை முழுதாகவே சாப்பிட்டால் என்ன?

தராசு: கேட்டீர்களா இயற்கைவிரும்பி? தேனும் அதே பட்டியலில்தான். கரண்டிக்கு 21 கலோரி.

இயற்கைவிரும்பி: பட்டியலில் வைத்துவிட்டால் போதுமா? நொதிகள், தாதுக்கள், மகரந்தம், இவை உங்கள் சர்க்கரையில் உண்டா?

தராசு: ஒரு கரண்டித் தேனிலுள்ள தாதுக்களை வைத்து எந்தக் குறைபாட்டைத் தீர்க்கப் போகிறீர்கள்? ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது என்பதையும் எழுதுங்கள். பாக்டீரியா நஞ்சால் நரம்புகளைத் தாக்கும் பொட்டுலிசம் என்ற நோய் வரலாம். இயற்கை என்றால் தீங்கில்லை என்று நம்புகிறவர்கள் இங்கே நிறையப் பேர்.

இயற்கைவிரும்பி: குழந்தையைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்? பேச்சை மாற்றுவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. உங்கள் 4 கிராம், தலைதட்டிய கரண்டியா, குவித்த கரண்டியா? சர்க்கரையைக் குவிக்கலாம், தேனைக் குவிக்க முடியுமா? உங்கள் கணக்கு அங்கேயே கவிழ்ந்துவிட்டது.

தராசு: தலைதட்டியதுதான். 5 மில்லிலிட்டர். குவித்து அள்ளுவது உங்கள் பழக்கம் என்றால் அதற்கு நான் என்ன செய்வது?

இயற்கைவிரும்பி: கிராமில் பேசுங்கள், பதில் சொல்கிறேன்.

தராசு: கரண்டியில் கேட்டேன், கரண்டியில் சொல்லுங்கள். பச்சைஇலை, நீங்களும் போய்விடாதீர்கள். உப்புக் கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது.