பெற்றோரை அமெரிக்காவுக்கு அழைக்கும் முன்: மெடிக்கெயார், மெடிக்கெய்ட் பற்றி நாங்கள் அறிந்தவை

உவர்மலையிலிருந்து:

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் திருகோணமலையில் இப்போது நிறைய. அப்பா அம்மாவுக்கு விசா வந்துவிட்டால் டிக்கெட் விலையையும் குளிர் உடுப்பையும் பற்றித்தான் பேச்சு. அங்கே வருத்தம் வந்தால் காசு யார் கட்டுவது என்ற கேள்வி விமானம் ஏறிய பிறகே எழுகிறது. அதனால்தான் எங்கள் வீட்டு அனுபவத்தை எழுதுகிறேன். பாலையூற்றிலும் சாம்பல்தீவிலும் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தைக் கீழே சேர்த்திருக்கிறார்கள்.

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். அக்கா நியூ ஜேர்சியில் குடியுரிமை பெற்ற பிறகு அப்பாவையும் அம்மாவையும் கிறீன் கார்ட்டில் அழைத்துக்கொண்டார். அப்போது அப்பாவுக்கு 67 வயது, அம்மாவுக்கு 66. இருவருக்கும் நீரிழிவு, அம்மாவுக்குப் பிரஷரும் இருந்தது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் மெடிக்கெயார் என்ற மருத்துவக் காப்புறுதி கொடுக்கும் என்று கோயில் வீதியில் கண்டவர்கள் எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். அங்கே போனதும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் இருந்த பெண் இரண்டே கேள்விகள் கேட்டாராம்: இந்த நாட்டில் எத்தனை வருடம் வேலை செய்தீர்கள்? எத்தனை வருடமாகத் தொடர்ந்து வசிக்கிறீர்கள்? அப்பாவிடம் இரண்டுக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

இதை நம் ஆட்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1965இல் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் வந்ததுதான் மெடிக்கெயார். உழைக்கும் காலம் முழுவதும் சம்பளத்தில் அதற்கென ஒரு வரி பிடிப்பார்கள். அப்படி மொத்தம் பத்து வருடமளவில் வரி கட்டியவருக்கும் அவருடைய கணவன் அல்லது மனைவிக்கும், வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கான ஏ பகுதி மாதக் கட்டணம் இல்லாமல் கிடைக்கும். மகளோ மகனோ எவ்வளவு வரி கட்டினாலும் அது பெற்றோரின் கணக்கில் சேராது. வேலை செய்யாமல் முதுமையில் போனவர்கள் கிறீன் கார்ட்டுடன் ஐந்து வருடம் தொடர்ந்து வசித்த பிறகுதான் காசு கொடுத்துச் சேரலாம். 2025ஆம் ஆண்டுக் கணக்கில் ஏ பகுதிக்கு மாதம் 518 டொலர். வைத்தியரைப் பார்ப்பது, பரிசோதனை போன்றவற்றுக்கான பி பகுதிக்கு 185 டொலர். இது ஒருவருக்கு. மருந்துக்கான டி பகுதி தனி.

வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிக்கெய்ட் வேறு திட்டம். மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து அதை நடத்துகின்றன, ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். 1996இல் வந்த சட்டத்தின்படி கிறீன் கார்ட்டில் புதிதாகப் போனவர்களுக்கு அங்கும் பெரும்பாலும் ஐந்து வருடக் காத்திருப்பு உண்டு. நியூயோர்க் போன்ற சில மாநிலங்கள் தங்கள் சொந்தப் பணத்தில் முன்னதாகவே சேர்த்துக்கொள்கின்றன. அக்கா இருப்பது அடுத்த மாநிலமான நியூ ஜேர்சியில். அங்கே அந்தச் சலுகை இல்லை.

அந்த ஐந்து வருடமும் அக்காவும் அத்தானும் தனியார் காப்புறுதி வாங்கிச் சமாளித்தார்கள். கிறீன் கார்ட் உள்ளவர்கள் அரசாங்கத்தின் காப்புறுதிச் சந்தையில் திட்டம் வாங்கலாம். முன்பே இருந்த நோயைச் சொல்லி அங்கே யாரும் தட்டிக்கழிக்க முடியாது. எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அப்பா இங்கிருந்து போகும்போது பொது வைத்தியசாலையின் கிளினிக் கொப்பியை மறக்காமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். ஓரமெல்லாம் கிழிந்து, மருந்து வாங்கிய திகதி முத்திரைகளால் நிரம்பிய பழைய கொப்பி. நியூ ஜேர்சி வைத்தியர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, சீனி அளவு எந்த மாதம் ஏறியது, மெட்ஃபோர்மின் அளவை எப்போது கூட்டினார்கள், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையெல்லாம் தன் கணினியில் பதிந்துகொண்டார். மருந்துப் பெயர்களை நம் வைத்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதால் அவருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. இருந்த விவரத்துக்காக மறுபடி பரிசோதனை செய்து காசு கட்டும் நிலை பலமுறை தவிர்ந்தது. போகிறவர்கள் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள்.

ஐந்து வருடம் கழிந்து இருவரும் குடியுரிமையும் எடுத்த பிறகு மெடிக்கெயார் அட்டை தபாலில் வந்தது. சிவப்பு, நீலக் கோடு போட்ட சாதாரண கடதாசி அட்டைதான். ஏ, பி இரண்டும் எந்தத் திகதியில் தொடங்குகின்றன என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். ஆனால் அட்டை வந்தால் எல்லாம் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். பி பகுதியில் வருடத்தின் முதல் தொகையை (2025இல் அது 257 டொலர்) நாமே கட்டிய பின், மிச்சத்தில் 80 வீதத்தைத்தான் மெடிக்கெயார் கட்டுகிறது. நம் பங்கான 20 வீதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. பல், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி பொதுவாக இதில் அடங்காது. அப்பா அம்மாவுக்கு அங்கே சொந்த வருமானம் இல்லாததால், மாதக் கட்டணத்தை மாநில அரசே கட்டும் உதவிக்கு அக்கா விண்ணப்பித்தார். இங்கே மாதாமாதம் வங்கியில் விழும் அப்பாவின் ஆசிரியர் ஓய்வூதியத்தையும் ரூபாயிலிருந்து டொலராக்கி வருமானமாகக் காட்ட வேண்டியிருந்தது. தொகை சிறிதென்று மறைக்க வேண்டாம்; காட்டியும் உதவி கிடைத்தது.

பாலையூற்றிலிருந்து:

எங்கள் சித்தப்பாவின் கதை இதற்கு நேர் மாறானது. ஹியூஸ்டனில் இருபது வருடத்துக்கு மேல் உணவகச் சமையலறையில் நின்று உழைத்தவர். அமெரிக்கக் குடியுரிமை, ஓய்வூதியம், மெடிக்கெயார் எல்லாம் முறையாக உண்டு. கடைசிக் காலத்தைக் கோணேசர் கோயில் மணி கேட்கும் இடத்தில் கழிக்க வேண்டும் என்று 68ஆம் வயதில் ஊருக்கு வந்துவிட்டார். அவருடைய கடிதங்களையும் கணக்கையும் நான்தான் பார்க்கிறேன்.

அந்த அட்டைக்கு இங்கே ஒரு பனடோல் கூடக் கிடைக்காது. மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்காவுக்கு வெளியே நடக்கும் சிகிச்சைக்கு மெடிக்கெயார் பணம் கொடுப்பதில்லை. சித்தப்பா நம்மைப் போலவே காலையில் போய் பொது வைத்தியசாலை கிளினிக்கில் இலக்கம் எடுத்துக் காத்திருக்கிறார்; ஸ்கேன் அவசரமென்றால் தனியாரிடம் காசு கட்டுகிறார். ஆனாலும் பி பகுதிக் கட்டணம் அவருடைய அமெரிக்க ஓய்வூதியத்தில் ஒவ்வொரு மாதமும் கழிகிறது.

அப்படியென்றால் ஏன் நிறுத்தவில்லை என்று பலர் கேட்கிறார்கள். ஏ பகுதிக்கு அவர் கட்டணம் கட்டுவதில்லை, அது எப்போதும் இருக்கும். பி பகுதியை நிறுத்தலாம். நிறுத்திவிட்டுப் பிறகு அங்கே திரும்பினால் ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும் சேர விடுவார்கள். சேராமல் விட்ட ஒவ்வொரு முழு வருடத்துக்கும் கட்டணத்தில் 10 வீதம் தண்டம் ஏறும். ஐந்து வருடம் விட்டவருக்கு ஐம்பது வீதம், அதுவும் பி பகுதி இருக்கும் காலம் முழுவதும். சித்தப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு உண்டு. மகன் அங்கே இருக்கிறான். பெரிய சத்திரசிகிச்சை வந்தால் அங்கேதான் போவார். எனவே நிறுத்த வேண்டாம் என்று உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம். இனி ஒருபோதும் திரும்பப் போவதில்லை என்று உறுதியாக இருப்பவர் நிறுத்துவதில் தவறில்லை. பிள்ளைகள் எல்லோரும் அங்கே இருக்கும்போது அந்த உறுதியை யாரால் சொல்ல முடியும்?

திருவிழாவுக்கு ஓரிரு மாதம் வந்து போகிறவர்களுக்கு வேறு வழி உண்டு. மெடிக்கெயாருக்கு மேலதிகமாக வாங்கும் தனியார் துணைக் காப்புறுதிகளில் சில, பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் வெளிநாட்டில் வரும் அவசர சிகிச்சையில் 80 வீதத்தைக் கட்டும். முதல் 250 டொலர் நம் கையில். வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து 50,000 டொலர் வரை. புறப்படும் முன் தங்கள் திட்டத்தில் இது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாம்பல்தீவிலிருந்து:

மாமி பொஸ்டனில் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பினார்கள். முதல் 20 நாள் மெடிக்கெயார் முழுதாகக் கட்டியது. 21ஆம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 209.50 டொலர் (2025ஆம் ஆண்டுக் கணக்கு) எங்கள் பங்கு. 100ஆம் நாளோடு அதுவும் நின்றுவிடும். குளிப்பாட்ட, உடுப்பு மாற்ற, சாப்பாடு ஊட்ட மட்டும் ஆள் தேவையென்றால் அதற்கு மெடிக்கெயாரில் இடமில்லை. நீண்டகாலப் பராமரிப்பைத் தாங்குவது மெடிக்கெய்ட்தான். அதற்குச் சேமிப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும், இறந்த பின் சொத்திலிருந்து செலவைத் திரும்பக் கேட்கவும் மாநிலத்துக்கு உரிமை உண்டு.

இன்னொன்று. வைத்தியசாலைக் கட்டிலில் மூன்று இரவு படுத்திருந்தாலும், "அவதானிப்பில்" வைத்திருந்ததாக எழுதினால் உள்நோயாளி என்று கணக்கில் எடுக்கமாட்டார்கள். உள்நோயாளியாக மூன்று நாள் இருந்தால்தான் பழைய முறை மெடிக்கெயாரில், அதாவது அரசாங்கமே நேரடியாக நடத்தும் ஏ, பி பகுதிகளில், மறுவாழ்வு நிலையச் செலவு கிடைக்கும். எங்கள் மச்சாள் அங்கே தாதியாக இருப்பதால் முதல் நாளே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார். தயங்காமல் கேளுங்கள், ஒவ்வொரு நாளும் கேளுங்கள்.

உவர்மலையிலிருந்து மீண்டும்:

எழுபது வயது அம்மாவைப் பேரப்பிள்ளை பிறப்புக்கு ஆறு மாதம் அனுப்பலாமா என்று ஒரு தங்கை தனியாகக் கேட்டிருந்தார். வருகை விசாவில் போகிறவருக்கு மெடிக்கெயாரும் இல்லை, மெடிக்கெய்ட்டும் இல்லை. புறப்படும் முன் பயண மருத்துவக் காப்புறுதி வாங்குங்கள். அந்தப் பத்திரத்தில் முன்பே இருக்கும் நோய் பற்றிய பந்தியை முதலில் வாசியுங்கள். நீரிழிவையும் பிரஷரையும் பல திட்டங்கள் விலக்கிவிடுகின்றன. ஆறு மாதத்துக்கான மருந்தைச் சீட்டோடு கொடுத்துவிடுங்கள். இங்கே கிளினிக்கில் சொல்லிவிட்டுப் போகட்டும், திரும்பி வந்ததும் தொடரலாம்.