3 அடி கடல்மீன் தொட்டிக்கு எந்த நீல மீன் ஒத்துவரும்?

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு யோசனை சொல்லுங்க. திருநகர் வீட்டுல 3 அடி உப்புத்தண்ணித் தொட்டி, 150 லிட்டர். ஒரு ஜோடி ஆசெல்லாரிஸ் கோமாளி மீன் விடுறது உறுதி. வளர்ந்தாலும் 8, 9 செ.மீ.தான்.

மகள் நீல டாங் மீன்தான் வேணும்னு நிக்கிறா. கடையில பார்த்தது கட்டைவிரல் அளவு. கண்ணாடி ஓரமா விர்ருன்னு போய்த் திரும்புது, அவ்வளவு அழகு! ஆனா அது 30 செ.மீ. வரை வளரும், நீந்த நீளமான இடம் வேணும். "தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் வளரும்"கிறார் கடைக்காரர். எனக்கு மனசு ஒப்பல. ஒரு உயிரை அப்படி நெருக்கி அடைக்கக் கூடாது.

10 செ.மீ.க்குள்ள நிக்கிற, கோமாளியோட சண்டைக்குப் போகாத நீல மீன் எது? மஞ்சவால் டாம்செல் சரிப்படுமா? மதுரை சித்திரை வெயிலை சில்லர் (தொட்டித் தண்ணியைக் குளிர வைக்கிற மெஷின்) இல்லாம சமாளிச்சவங்க இருந்தா, அதையும் எழுதுங்க.